ரயில்தடத்தில் தனியாக ஒரு நாள் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டவாளம் எடுத்துவிட்ட பழைய ரயில் பாதைகளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாகச் சைக்கிள் ஓட்டுவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அதைப் பற்றி யாரிடம் பேசினாலும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை.

தண்டவாளம் ஓரமாவா ஓட்டணும்? ரயில் வந்தா என்ன பண்றது?

ரயில் வராது. ரயில் ஓட்டம் நின்றுபோன பிறகு தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்து எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் மண்கரை, பாலம், சுரங்கம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே பொடிக்கல்லோ தாரோ போட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்ட பாதை இது. ஆங்கிலத்தில் ரெயில் டிரெயில் என்பார்கள், நான் ரயில்தடம் என்றே எழுதுகிறேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் எல்ராய்–ஸ்பார்டா தடம் 1967இல் திறக்கப்பட்டது, இந்த வகையில் முன்னோடிகளில் ஒன்று. மிசூரியின் கேட்டி டிரெயில் சுமார் 385 கி.மீ. நீளம். நியூசிலாந்தின் ஒடாகோ சென்ட்ரல் 152 கி.மீ. ஜெர்மனியின் ஆகன் நகரில் தொடங்கி பெல்ஜியம் வழியாக லக்சம்பர்க் வரை போகும் வென்பான் 125 கி.மீ.

சில இடங்களில் ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்திலேயே முறையாகப் பாதை போட்டிருப்பார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கையும் கம்பர்லாந்தையும் இணைக்கும் கிரேட் அலெகெனி பாசேஜ் தடத்தில் கம்பர்லாந்திலிருந்து ஃப்ராஸ்ட்பர்க் வரை ஒரு சுற்றுலா ரயில் கூடவே வரும். அது வேறு. பயன்பாட்டில் இருக்கும் ரயில் பாதையின் ஓரக் கற்களில் நாமாகச் சைக்கிளை இறக்குவது அத்துமீறலும் உயிராபத்தும் சேர்ந்தது, அதைச் செய்யவே கூடாது.

ரயில் போன பாதைன்னா மேடே இருக்காது, அப்போ ரொம்ப ஈஸிதானே?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிப்பு குறைவு, ஏற்றம் கொஞ்சம் கூடினாலும் எஞ்சின் திணறும். அதனால் பெரும்பாலான பாதைகளில் ஏற்றத்தை நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவிலேயே வைத்துக்கொண்டார்கள், அதாவது நூறு மீட்டர் போனால் ஒன்றிரண்டு மீட்டர் உயரம். அதற்காகத்தான் மலையைக் குடைந்ததும் பள்ளத்தை நிரப்பியதும். ஆனால் நூற்றுக்கு ஒன்று என்பது கண்ணுக்குத்தான் தெரியாது, காலுக்கு நன்றாகத் தெரியும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் காற்றும் தரையும் சேர்ந்து பிடித்து இழுப்பது ஏறத்தாழ 15 நியூட்டன். நூற்றுக்கு ஒன்று ஏற்றம் வந்ததும் அதோடு இன்னொரு 9 நியூட்டன் சேர்ந்துவிடும். பாதை சமமாகத் தெரிகிறது, வேகம் மட்டும் ஏன் குறைகிறது, பிரேக் எங்காவது உரசுகிறதா என்று இறங்கிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இதில் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

இதைவிடப் பெரிய விஷயம், இறக்கம் இல்லாதது. மலைச்சாலையில் ஏறி முடித்தால் இறங்கும்போது கால் சும்மா இருக்கும், சீட்டிலிருந்து எழுந்துகொள்வோம், கை இடம் மாறும், முதுகு நிமிரும். அந்த ஓய்வைச் சாலையே கொடுத்துவிடுகிறது. ரயில்தடம் கொடுக்காது. நிமிடத்துக்கு 75 சுற்று மிதித்தால் மணிக்கு 4,500, ஆறு மணி நேரத்தில் 27,000 சுற்று, கிட்டத்தட்ட எல்லாமே ஒரே அழுத்தத்தில், ஒரே இருப்பில். மூச்சு வாங்காது, அதனால் களைப்பு ஏறுவதே தெரியாது, 60 கி.மீ. தாண்டியதும் மொத்தமாக வந்து உட்காரும். ஓய்வை நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

ஒரே நாள்ல நூறு கிலோமீட்டர் முடியுமா?

முடியும், ஆனால் முதல் முறையே வேண்டாம். பொடிக்கல் பாதையில் சாமான் பையோடு உருளும் வேகம் மணிக்கு 16 முதல் 18 கி.மீ. இருக்கும். சாப்பாடு, தண்ணீர், போட்டோ, சாலைக் கடப்பு எல்லாம் சேர்த்தால் நாள் முழுக்கச் சராசரி 12, 13க்கு வந்துவிடும். ஆக நூறு கி.மீ. என்றால் எட்டு மணி நேரம் வெளியே இருக்கத் தயாராக வேண்டும்.

நான் சொல்லும் கணக்கு இதுதான்: இதுவரை ஒரே நாளில் வலி இல்லாமல் ஓட்டிய அதிகபட்ச தூரம் எவ்வளவோ, அதோடு மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். 60 ஓட்டியிருந்தால் 80. சமதளம்தானே என்று இரண்டு மடங்காக்கினால் என்ன ஆகும் என்பதை முந்தைய பதிலில் சொல்லிவிட்டேன்.

எங்கிட்ட ரோடு சைக்கிள்தான் இருக்கு, அது போதுமா? டயர்ல காத்து எவ்வளவு?

தடத்தின் மேல்பரப்பைப் பொறுத்தது. வென்பான் மாதிரி பெரும்பகுதி தார் போட்ட தடத்தில் எந்தச் சைக்கிளும் ஓடும். கேட்டி மாதிரி நொறுக்கிய சுண்ணாம்புக்கல் போட்ட தடத்தில், காய்ந்து இறுகியிருக்கும் நாளில் 28 மி.மீ. டயர்கூடச் சமாளிக்கும், ஈரம் பட்டுவிட்டால் மெல்லிய டயர் கத்தி மாதிரி தரைக்குள் இறங்கும். 35 முதல் 42 மி.மீ. வரை அகலம் இருந்தால் நிம்மதி. முன்பக்கம் ஸ்பிரிங் எல்லாம் தேவையில்லை, எடைதான் கூடும்.

காற்றைக் கல் மாதிரி அடிக்காதீர்கள். 40 மி.மீ. டயருக்கு நடுத்தர எடையுள்ள ஆளுக்கு 35 முதல் 45 பி.எஸ்.ஐ. போதும், பின்னால் பை தொங்கினால் பின் டயருக்குச் சற்றுக் கூட. டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பது உச்சவரம்பு, அவ்வளவு அடிக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. நாள் முழுக்கக் கைக்கு வரும் அதிர்வு இதில்தான் குறையும்.

காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும், அந்த நாள் எப்படித்தான் போகும்?

விடிந்ததும் கிளம்புங்கள். காலையில் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏறியிருக்காது, பாதையில் ஆள் இருக்க மாட்டார்கள். முதல் ஒரு மணி நேரம் கால் புதிதாக இருப்பதால் வேகமாகப் போகத் தோன்றும். அந்த ஆசையை அடக்குவதுதான் நாளின் முதல் வேலை. பக்கத்தில் யாராவது இருந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம், அதற்கு மேல் வேண்டாம். தனியாக இருப்பதால் நான் சத்தமாக நாலு வரி பேசிப் பார்ப்பேன், மூச்சு இடறினால் ஒரு கியர் குறைப்பேன்.

அப்புறம் நாளைத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு 45 நிமிடம் ஒரு துண்டு. முடிந்ததும் சோர்வு இருக்கிறதோ இல்லையோ இறங்கி, சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் நடப்பேன். முதல் இரண்டு முறை இது அநாவசியமாகத் தெரியும். ஒரு பயணத்தில் நன்றாகத்தானே போகிறது என்று இரண்டரை மணி நேரம் இறங்காமல் ஓட்டினேன், இறங்கும்போது விரல் மரத்துப்போய் பையின் ஜிப்பைக்கூட இழுக்க முடியவில்லை. அன்றைக்கு மீதி 50 கி.மீ. முழுக்க அந்த இரண்டரை மணி நேரத்துக்கான கடன்தான். பாதித் தூரத்தை மதியத்துக்கு முன் முடித்துவிட்டு, நீண்ட ஓய்வை, முக்கால் மணி நேரமாவது, நிழலில் காலை நீட்டி எடுங்கள். சாப்பிட்டவுடன் முதல் பதினைந்து நிமிடம் மெதுவாகவே உருட்டுங்கள்.

மதியத்துக்குப் பிறகு, மூன்றில் இரண்டு பங்கு தூரம் தாண்டிய இடத்தில், ஒரு மந்தமான நேரம் வரும். அதை உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏதாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி யோசிக்கலாம், பெரும்பாலும் தெளிந்துவிடும். இருட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முடிக்கிற மாதிரி திட்டமிடுங்கள், ஒரு பஞ்சரும் ஒரு தவறான திருப்பமும் அந்த நேரத்துக்குள் அடங்கிவிடும். கேட்டி மாதிரி சில தடங்கள் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான் திறந்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வழியில கடை இருக்கும்ல, சாப்பாடு எதுக்குச் சுமக்கணும்?

நீராவி எஞ்சினுக்கு அடிக்கடி தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் பல பாதைகளில் தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் நிலையமும், நிலையத்தைச் சுற்றி ஊரும் முளைத்தன. வரைபடத்தில் தடத்தின்மேல் ஊர்ப் பெயர்கள் மணி கோத்த மாதிரி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ரயில் நின்ற பிறகு அந்த ஊர்கள் பலவும் சுருங்கிவிட்டன. வரைபடத்தில் பெயர் இருக்கும், நேரில் நாலு வீடும் பூட்டிய நிலையமும் இருக்கும். அதனால் கடை இருக்கிறதா, அன்றைக்கு, அந்த நேரத்தில் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்த ஊரை மட்டும் கணக்கில் எடுங்கள்.

பசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, நான் சொன்ன 45 நிமிட நிறுத்தத்தில் ஒவ்வொரு முறையும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், வெயிலில் கூடும். வியர்த்துக் கொட்டும் நாளில் வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றும், குமட்டும், அதனால் உப்பும் சேர்ந்து போகட்டும். இரண்டு பாட்டிலில் ஒன்று காலியாகி, அடுத்த தண்ணீர் எங்கே என்று தெரியாத நிலைமைக்கு வரவே கூடாது.

உட்கார்ற இடம் வலிக்குது, கை மரத்துப்போகுது. மெத்தை சீட் வாங்கினா சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. மெத்தை அதிகமாக இருந்தால் இடுப்பெலும்பு அதற்குள் புதைந்து, அழுத்தம் நடுவில் இருக்கும் மென்மையான பகுதிக்குப் போய்விடும், முதல் அரை மணி நேரம் சுகமாக இருந்து பிறகு இன்னும் மோசமாகும். சீட்டின் அகலம் உங்கள் இடுப்பெலும்புக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம். உயரம் கூடியிருந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி ஆடித் தோல் உரசும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

கை மரத்துப்போவது, அதிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால், உள்ளங்கையின் ஓரமாகப் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது என்று அர்த்தம். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சரிந்து எடை முழுக்கக் கையில் விழும், முதலில் அதைச் சரிபாருங்கள். அப்புறம் மலைச்சாலை தானாகக் கொடுப்பதை இங்கே நீங்கள் கொடுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கியரை இரண்டு ஏற்றி, எழுந்து நின்று இருபது மிதி. கை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள், தோளைத் தளர்த்துங்கள். இதற்கு மைல்கல்லைக் கணக்காக வைத்துக்கொண்டால் மறக்காது, கல் வந்தால் எழுந்து நில். மரமரப்பு மறுநாளும் போகாமல் இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், நரம்பு விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம்.

சுரங்கத்துக்குள்ள தனியா எப்படிப் போறது? லைட் இருக்குமா?

சிலவற்றில் இருக்கும், பலவற்றில் இருக்காது. எல்ராய்–ஸ்பார்டாவில் மூன்று சுரங்கங்கள். நீளமானது 1,160 மீட்டர் அளவு, விளக்கே கிடையாது, மேலிருந்து தண்ணீர் சொட்டும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது விதி. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோகுவால்மி சுரங்கம் 3.6 கி.மீ., நடுவில் நின்றால் இரண்டு பக்க வாயும் ஊசிமுனை மாதிரித்தான் தெரியும். அலெகெனி தடத்தின் பிக் சாவேஜ் சுரங்கம் ஒரு கி.மீ., அதில் விளக்கு உண்டு. இந்த ஸ்னோகுவால்மியும் பிக் சாவேஜும் குளிர்காலத்தில் மூடப்படும், சுரங்கம் மூடியிருந்தால் அந்த நாள் திட்டமே மாறிவிடும், அதனால் திறந்திருக்கும் மாதங்களை முதலில் பாருங்கள்.

செய்ய வேண்டியது சொற்பம்தான். வாயிலுக்கு முன்னால் நில்லுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், சட்டைமேல் ஒரு ஜாக்கெட் போடுங்கள், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளிரும். ஹேண்டிலில் ஒரு விளக்கு, தலையில் ஒன்று, இரண்டு வேண்டும், ஒன்று அணைந்தால் அந்த இருட்டில் கை இருக்கும் இடமே தெரியாது. பின் விளக்கும் எரியட்டும். எதிரில் ஆள் வந்தால் தலைவிளக்கைத் தாழ்த்துங்கள். பயமாக இருந்தால் வாயிலிலேயே காத்திருந்து அடுத்து வருகிறவரோடு சேர்ந்து போங்கள், யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

எந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிக்கறது நல்லது?

ஏற்ற வரைபடத்தைப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அலெகெனி தடம் 241 கி.மீ., அதன் உச்சி 729 மீட்டர் உயரத்தில். கம்பர்லாந்து பக்கமிருந்து ஏறினால் சுமார் 38 கி.மீ.க்குள் 540 மீட்டர் ஏறிவிட வேண்டும். பிட்ஸ்பர்க் பக்கமிருந்து அதே உச்சிக்கு 200 கி.மீ.க்கு மேல் இருக்கிறது, ஏறுவதே தெரியாது. இதைப் பார்த்ததும் எல்லோரும் மென்மையான பக்கத்தைத்தான் எடுப்பார்கள். ஒரு நாள் பயணத்துக்கு நான் எதிர்மாறாகச் சொல்வேன்: காலையில் புதிய காலோடு ஏறிவிடுங்கள், மதியம் லேசான சரிவு உங்களை இழுத்துக்கொண்டு போகட்டும். அந்தச் சரிவில்கூட முழுக்க மிதிக்காமல் இருக்க முடியாது, ஆனால் ஒரு கியர் சுலபமாக இருக்கும். தடம் தட்டையாக இருந்தால் காற்றுதான் திசையைத் தீர்மானிக்க வேண்டும், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தனியாப் போறீங்களே, ஏதாவது ஆச்சுன்னா? பயமா இல்லையா?

பயத்தைவிட ஏற்பாடு உபயோகமானது. கிளம்புமுன் ஒருவரிடம் எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறேன், எத்தனை மணிக்குத் தகவல் சொல்வேன், சொல்லாவிட்டால் எத்தனை மணிக்கு அவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ரயில் பாதை பல இடங்களில் குன்றை வெட்டிய பள்ளத்திலும் ஆற்றங்கரையிலும் போவதால் போன் சிக்னல் போகும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் அலைக்கற்றையைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்துவிடும், விமானப் பயன்முறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மைல்கல்லையும் சாலைக் கடப்பின் பெயரையும் மனதில் குறித்துக்கொண்டே போங்கள். உதவி கேட்கும்போது "இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவே" என்று சொன்னால் தேடி வருவது எளிது, ஏனென்றால் தடத்துக்குள் வண்டி வர வழி அந்தக் கடப்புகளில்தான் இருக்கும்.

பெண்கள் தனியாப் போகலாமா?

போகிறார்கள், என்னைவிடப் பல மடங்கு ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டதை இங்கே சேர்க்கிறேன். இன்று இரவு எங்கே தங்குகிறீர்கள் என்று வழியில் கேட்பவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. படங்களை அன்றே போடாமல் ஊர் திரும்பிய பிறகு போடலாம். ஒரு இடம் மனதுக்குச் சரியில்லை என்று பட்டால் காரணம் தேடாமல் அடுத்த இடத்துக்கு நகரலாம். யோசித்துப் பார்த்தால் இவை ஆண்களுக்கும் பொருந்தும்.

நேரா ஒரே மாதிரி பாதை, போர் அடிக்காதா?

சில இடங்களில் அடிக்கும். இருபது கி.மீ. வளைவே இல்லாமல், இரண்டு பக்கமும் ஒரே மரவரிசையாகப் போகும் பகுதிகள் உண்டு. ஆனால் பார்க்கத் தெரிந்தால் அந்தப் பாதை முழுக்க ரயில் இருக்கிறது. மண்கரை தொடங்கும் இடம், குன்றை வெட்டிய இடத்தில் பாறையில் தெரியும் துளைக்கோடுகள், சின்னப் பாலத்தின் கல்லில் செதுக்கிய வருடம், அமெரிக்கத் தடங்களில் சாலைக் கடப்புக்கு முன்னால் டபிள்யூ எழுத்தோடு நிற்கும் கம்பம், அது எஞ்சின் ஓட்டுநருக்கு இங்கே ஊது என்று சொன்னது. வென்பான் தடத்தில் இன்னொரு விசித்திரம், அது ஜெர்மனிக்குள் ஓடும் இடங்களிலும் பாதையின் மண் பெல்ஜியத்துக்குச் சொந்தம், முதல் உலகப்போருக்குப் பிறகு ஏற்பட்ட ஏற்பாடு. பாட்டுக் கேட்பதென்றால் ஒரு காதில் மட்டும், பின்னால் வருகிறவர் மணி அடிப்பது கேட்க வேண்டும்.

நடுவழியில சைக்கிள் கெட்டுப்போனா தள்ளிட்டே வரணுமா?

பஞ்சர் ஒட்டவும் செயினை மாட்டவும் தெரியாமல் தனியாகப் போகாதீர்கள், வீட்டில் இரண்டு முறை செய்து பார்த்தால் வந்துவிடும். இரண்டு டியூப், ஒட்டும் சாமான், டயர் கழற்றும் லீவர், பம்ப், பல்முனைக் கருவி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி, பின் கியரைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டு ஒன்று கூடுதலாக. டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. பஞ்சரை மாற்றும்போது டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளையோ கல்லையோ கண்டுபிடித்து எடுத்த பிறகுதான் புதிய டியூபை வையுங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போய்விடும்.

மழை பெஞ்சா ஓட்டலாமா?

தார்ப் பாதையில் ஓட்டலாம். சுண்ணாம்புக்கல் பொடிப் பாதையில் ஓட்ட முடியும், ஆனால் அது பசை மாதிரி டயரில் ஒட்டும், செயினிலும் பிரேக்கிலும் புகுந்து மணல்தாள் போலத் தேய்க்கும், வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் ஆச்சரியமில்லை. மட்கார்டு கட்டாயம், சாயங்காலம் செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதும் கட்டாயம். மரப்பலகை போட்ட பாலங்கள் நனைந்தால் வழுக்கும், அதில் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகப் போங்கள். சாலைக் கடப்பில் பழைய தண்டவாளத் துண்டு மீதி இருந்தால் அதைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் டயர் பள்ளத்தில் சிக்கும். இடி மின்னல் வந்தால் மண்கரை மேல் நிற்காதீர்கள், சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடம் பல நேரம் அதுதான்.

பாதையில நடக்கறவங்க, குதிரை எல்லாம் வருமாமே, யார் வழி விடணும்?

நடப்பவர்களுக்கு நாம். தூரத்திலேயே மணி அடித்து, வேகம் குறைத்து, இடம் விட்டுக் கடக்க வேண்டும். குதிரைக்கு மணி அடிக்காதீர்கள், மிரளும். நின்று, சாதாரணக் குரலில் பேசி, சவாரி செய்பவர் சொல்லும் பக்கமாகப் போங்கள், மனிதக் குரல் கேட்டால்தான் வருவது ஆள் என்று அதற்குப் புரிகிறது. சாலைக் கடப்புகளில் கார் நுழையாமல் இருக்க நட்டிருக்கும் கம்பங்களைக் கவனியுங்கள், பை தொங்கும்போது சைக்கிளின் அகலம் நாம் நினைப்பதைவிடக் கூட. ஒரு மணி நேரம் வண்டியே பார்க்காமல் ஓட்டிவிட்டுச் சாலைக்கு வரும்போது கவனம் மழுங்கியிருக்கும், நான் ஒவ்வொரு கடப்பிலும் ஒரு காலைத் தரையில் ஊன்றியே தீருவேன்.

எதிர்க்காத்துல பாதி வழியில மாட்டிக்கிட்டேன்னு வைங்க. திரும்பறதா, தொடர்றதா?

முதலில் காற்று என்ன செய்கிறது என்று பாருங்கள். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அதே வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், உடம்பில் படும் காற்று 36 கி.மீ. வேகம், காற்றின் தடை நான்கு மடங்காகும். மரங்களுக்கு நடுவே தெரியாது, திறந்த மண்கரையில் ஏறியதும் முகத்தில் அறையும். வேகத்தைக் காப்பாற்ற நினைக்காமல் உழைப்பை மட்டும் அதே அளவில் வைத்துக்கொள்ளுங்கள், 11 கி.மீ. வேகம் வந்தால் 11தான். போய்த் திரும்பி வரும் பயணம் என்றால் எப்போதும் காற்றுக்கு எதிராகத் தொடங்குங்கள், பின்காற்றில் சந்தோஷமாகப் போய்விட்டுத் திரும்பும்போது அகப்படுவதுதான் மோசமானது.

திரும்புவதா என்ற முடிவை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். களைத்திருக்கும்போது தனியாக இருப்பவருக்கு மறுத்துப் பேச ஆள் இல்லை, அதனால் காலையிலேயே காகிதத்தில் எழுதி வையுங்கள்: இத்தனை மணிக்குள் இந்த ஊரை அடையவில்லை என்றால் அங்கேயே நாள் முடிந்தது. அந்த ஊரில் தங்கவோ வண்டி பிடிக்கவோ வழி இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டு முறை நான் அப்படி நிறுத்தியிருக்கிறேன், இரண்டு முறையும் மறுநாள் காலையில் காற்று அடங்கியிருந்தது.

எலெக்ட்ரிக் சைக்கிள்ல போனா தப்பா?

தப்பே இல்லை, ஆனால் எந்த வகை மோட்டாருக்கு அனுமதி என்பது தடத்துக்குத் தடம் மாறும், நிர்வாகத்தின் விதியைப் பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் உதவும் வகையைத்தான் பல இடங்களில் விடுகிறார்கள். பேட்டரி தூரத்தைப் பாதியாகக் குறைத்துக் கணக்கிடுங்கள், எதிர்க்காற்றும் இளகிய பாதையும் அதைத் தின்றுவிடும். கை, முதுகு, உட்காரும் இடம் பற்றி மேலே சொன்னதெல்லாம் மோட்டார் இருந்தாலும் அப்படியேதான்.

என்னைக்காவது ரயிலை மறுபடி விட்டுட்டா இந்தப் பாதை போயிடுமா?

அமெரிக்காவில் சட்டப்படி அதற்கு இடம் இருக்கிறது. 1983இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஒரு ரயில் நிறுவனம் பாதையைக் கைவிடும்போது அந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரியவிடாமல், எதிர்காலத்தில் ரயிலுக்குத் தேவைப்படலாம் என்று வைத்திருந்து, அதுவரை தடமாகப் பயன்படுத்தலாம். 1990இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. பல தடங்கள் இன்று முழுசாக இருப்பதே இந்த ஏற்பாட்டால்தான், ஒரு வயல்காரர் தன் பங்கை உழுதுவிட்டாலே தொடர்ச்சி போய்விடும். ரயில் திரும்பி வருவது அரிது. அன்றாடம் சந்திப்பது பாலம் பழுது, வெள்ளம், மரம் விழுந்தது என்ற தற்காலிக மூடல்தான். மாற்றுப்பாதை என்று பலகை வைத்திருப்பார்கள், அது ரயில் சரிவைப் பின்பற்றாது, நிஜமான மேடு வரும். முந்தைய நாள் மாலை அறிவிப்புகளைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

முடிச்ச மறுநாளும் ஓட்டலாமா, இல்ல ஓய்வு எடுக்கணுமா?

முடித்த அரை மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், புல்லோரம் உட்கார்ந்திருந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் பாருங்கள், குளியுங்கள், சீக்கிரம் படுங்கள். காலையில் படி இறங்கிப் பாருங்கள். தொடை கனமாக இருந்தால் பரவாயில்லை, முதல் பத்து கி.மீ.யில் இளகிவிடும். முழங்காலுக்குள் குத்துகிற வலி, போகாத மரமரப்பு, தோல் உரிந்த இடம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று ஓட்ட வேண்டாம். எதுவும் இல்லையென்றால் முதல் நாள் தூரத்தில் பாதியை வைத்துக்கொண்டு கிளம்புங்கள், 45 நிமிடக் கணக்கை மட்டும் அன்றைக்கு 30 ஆக்கிக்கொள்ளுங்கள்.